அனுமதி விதியும் பால்காய்ப்புப் பத்திரிகையும்

எங்கள் அலுவலகம் ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்குக் கணினி வேலை பார்க்கிறது. அங்குள்ள கணினிகள் ஒன்றையொன்று நம்புவதற்கான டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்கும் கிளவுட் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது.

அந்தக் குழுமத்தின் பாளையங்கோட்டை ஆய்வகக் கணக்குக்கு மட்டும் சான்றிதழ் வாங்க அனுமதி கொடுத்து, நேற்று விதி எழுதினேன்.

இன்று காலை பார்த்தால், அந்தக் கணக்கு எண் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதாவது, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எவனோ ஒருவன் அந்த ஆய்வகமாக நடித்து, நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவை மாற்றி அனுப்பலாம். மருத்துவரின் கணினி அதை நம்பும்.

மாற்றியவர் எங்கள் மேலாளர். ஏன் என்று கேட்டேன்.

“என்ன மேடம் இப்படிக் கேக்கிய? பாளையங்கோட்டைக்கு மட்டும் குடுத்தா தென்காசி லேப்காரன் என்ன நெனைப்பான்? ஒருத்தனுக்குச் சொல்லி ஒருத்தன விட்டா வருத்தம்லா வரும்!”

“இது கல்யாண வீடு இல்ல சார்.”

“எல்லாம் நம்ம ஆளுங்கதான. நீங்க ரொம்பத்தான் சந்தேகப்படுதிய.”

“அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

நல்லவேளை, அதற்குள் யாரும் சான்றிதழ் வாங்கியிருக்கவில்லை. நட்சத்திரத்தை அழித்தேன். விதியைத் திருத்தும் உரிமை உள்ளவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரையும் எடுத்தேன். கோபத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன்.

மாலையில் அவர் தன் புதுவீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையை மேசை மேசையாகக் கொடுத்தார். என் மேசையை மட்டும் தாண்டிப் போனார்.

ஒருவரை மட்டும் விலக்கி வைக்க அவருக்கு நன்றாகவே தெரிகிறது. கணினியில் மட்டும் ஏன் வரவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.