சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் மூவரும் எதிர்க்கடை முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். கன்னத்தில் புற்று வந்து படுத்திருக்கும் மனிதர். அவரிடம் பெரியவன், "வெத்தலையை அப்பவே விட்டிருக்கலாமே மாமா" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்காக உன்னைத் திட்டப் போவதில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய். அப்படி நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தைகள் நம் வீட்டில் என்ன செய்தன என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது நீங்கள் சின்னவர்கள். கடைக்குட்டி பால் மறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க. நீங்க சொன்னதையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

அவளுக்கு இடது மார்பில் கட்டி. பால் கட்டிக்கொண்டது என்று நினைத்துப் பற்றுப் போட்டுப் பார்த்தோம். கரையவில்லை, கல்லாக இருந்தது. பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இது புற்று, மார்பை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கக்கத்துக்கு ஏறிவிடும் என்றார். திங்கட்கிழமை வந்து படுக்கச் சொன்னார். அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, போறேன்" என்றாள். அந்த ஒரு சொல்லைத் திங்கட்கிழமை வரைக்கும் உடையாமல் காப்பாற்ற வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

அதற்குள் செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது. நம் தையல் கடைக்குப் பின்னால்தானே வீடு? துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "ஆளைப் பாத்தா சீக்குக்காரி மாதிரியா இருக்கு? நல்லாத்தானே இருக்கே" என்றாள் ஒருத்தி. "பிள்ளைக்குப் பாலை வெடுக்குனு நிறுத்துனேல்ல, அதான்" என்றாள் இன்னொருத்தி. சேலைக் கடைக்காரர் மனைவி பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "உனக்கென்னடி கவலை, தையக்காரன் பொண்டாட்டிக்கு? ஒரு பக்கம் பஞ்சு வச்சுத் தச்சுக் குடுத்துட்டுப் போறாரு" என்றாள். மெஷின் மிதித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். உங்கள் அம்மா கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள். என் கால் அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் பெரியம்மா நடந்தே வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. தங்கையின் முகத்தைத் தடவிக்கொண்டே, "எங்க லயத்து வீடுகள்லயும் ஒருத்திக்கு இதேதான்டி. அறுத்தாங்க. அந்தப் புண்ணு ஆறவே இல்ல" என்றாள்.

"அப்புறம்?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"அப்புறம் என்ன" என்று பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் யார் முகத்தையும் பாராமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

போயிட்டு வாறேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்துதான் நாம் அப்படிக் கிளம்புவோம். அவள் அழுகையில் மறந்தாள், வேறொன்றுமில்லை. ஆனால் உங்கள் அம்மா எழுந்து, கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள்.

"அக்கா சொல்லிக்காமப் போயிருச்சு. நான் வரல. பொதச்சதுக்கு அப்புறம் எதுக்கு அறுக்கணும்?"

அங்கேதான் நான் பேசினேன். பயத்தில் பேசினேன். "ஏன் இப்படி அடம் புடிக்கிற? ஒண்ணு போனா என்ன? சின்னவதான் பால் மறந்துட்டாளே."

அவள் கத்தவில்லை. கத்தரி பிடித்துக் காய்த்துப்போன என் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். "இதுல ஒண்ணு போனா என்ன? இன்னொண்ணுதான் இருக்கே" என்றாள். கையை விட்டுவிட்டாள்.

திங்கள் காலையில் சேலைகள் கொடியிலேயே கிடந்தன. வா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது அவளைக் குத்தும் என்று தோன்றியது. கடைசியில், "நீ பொழைப்பியான்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கொடிப் பக்கம் போனாள். "எனக்கும்தான். இதச் சொல்ல உங்களுக்கு இத்தன நாளா?" என்று கேட்டுவிட்டு, கொடியிலிருந்து ஒரு சேலையை உருவினாள். பிறகு இன்னொன்று. வாசலில் உங்கள் ஒவ்வொருவர் தலையையும் தொட்டு, "போயிட்டு வாறேன்" என்று மூன்று தரம் தனித்தனியாகச் சொன்னாள். நீங்கள் பெரியம்மா கொண்டுவந்த பழத்தைத் தின்றுகொண்டிருந்தீர்கள்.

உங்களைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று பெண்கள் வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆயா மூட்டையை வாங்கிக்கொண்டாள். உங்கள் அம்மா திரும்பி நின்றாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கடைப் பூட்டில் சாவியைப் போட்டபோதுதான் உறைத்தது, நானும் சொல்லிக்கொள்ளாமல் வந்திருக்கிறேன். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன். போனபோது வார்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

இதற்கு மேல் நடந்தது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே யாரும் இல்லை. வரிசையாகச் சன்னல்கள்; எது அவளுடையது என்று தெரியவில்லை. முதல் சன்னலுக்குக் கீழே நின்று, வீட்டில் சொல்கிற மாதிரியே, "போயிட்டு வாறேன்" என்றேன். அடுத்த சன்னலுக்குப் போய் அங்கேயும் சொன்னேன். அப்படியே கடைசிச் சன்னல் வரைக்கும்.