பஞ்சியும் பெஞ்சியும்

எங்கள் தாமானின், அதாவது வீட்டுக் குடியிருப்பின், குடியிருப்போர் சங்கம் ஒரு வரலாற்று மலர் போடுகிறது. வீடுகள் கட்டுவதற்கு முன் இங்கே ரப்பர்த் தோட்டமும் "சில குடும்பங்களும்" இருந்தன என்று எழுதி, சரியா பாருங்கள் என்று என்னிடம் கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்தில் பிறந்தவன் இந்தத் தாமானில் நான் ஒருவன்தான். சில குடும்பங்களா? தொழிலாளர்களின் லய வீடுகள் பிதுங்கப் பிதுங்க ஜனம் இருந்தது. கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். இந்தச் "சில"வுக்குக் காரணம் என் மாமா.

அவர் அம்மாவின் தம்பி. வேறொரு தோட்டத்தில் கங்காணியோடு சண்டை போட்டு வேலையை விட்டவர், எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தில் வேலை செய்யாதவர்கள் லயத்தில் தங்கக் கூடாது. மானேஜருக்குத் தெரிந்தால் வீடு போய்விடும் என்று அம்மா புலம்பாத நாள் இல்லை. மாமாவோ இரண்டாம் முறை சோறு கேட்பார்.

அப்போது எங்கள் தோட்டத்து வாசல் வரைக்கும் பஸ் விடும்படி பெரியவர்கள் அரசாங்கத்திடம் கேட்டிருந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. மேலே படிக்க கோலா கங்சார் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் வந்தால் என்னை அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மாமா டவுன் காப்பிக் கடையில் ஒரு செய்தியைக் காதில் வாங்கி வந்தார். மலாய் மொழியில் பஞ்சி என்றால் மக்கள் கணக்கெடுப்பு. பெஞ்சி என்றால் வெறுப்பு. கடையில் சொன்னது முதலாவது. மாமாவின் காதில் விழுந்தது இரண்டாவது.

"அக்கா, கவர்மெண்டுல இருந்து பெஞ்சி பண்ண வாரானுங்க. எந்த வீட்டுல கூட்டம் அதிகமோ அந்த வீட்டத்தான் வெரட்டுவானுங்க. ரெண்டு பேருக்கு மேல கண்ணுல படக் கூடாது."

"வெரட்டுறதுன்னா மொதல்ல ஒன்னயத்தான்டா வெரட்டணும்," என்றார் அம்மா.

ஆனாலும் வீடு போய்விடுமே என்ற பயம் அம்மாவுக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தங்கள் வீட்டில் ஒளிக்க ஒரு மச்சானோ மாமனோ இருந்தார். பொழுது சாய்வதற்குள் எல்லா லயத்துக்கும் விஷயம் பரவிவிட்டது.

அதிகாரி வந்த அன்று தோட்டமே ரப்பர்க் காட்டுக்குள் இருந்தது. வீட்டுக்கு இரண்டு பேர்தான் வாசலில். அம்மா பிற்பாடு சொன்னார்: வந்தவர் சின்ன வயது மலாய்க்காரர், மரியாதையானவர். எத்தனை பேர் என்று கேட்டதற்கு அம்மா இரண்டு விரலைக் காட்டினாராம். அவர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டைகளைப் பார்த்து, இதெல்லாம் யாருடையது என்று கேட்டிருக்கிறார். அம்மா ஆறடி உயர அப்பாவைக் கைகாட்டியிருக்கிறார். அதிகாரி இரண்டு என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் காட்டுக்குள் வாய்க்காலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கொசு மொய்த்தது. அசையவில்லை. மற்ற பிள்ளைகள் இருமினார்கள், சிரித்தார்கள், அடி வாங்கினார்கள். மாமா என் தலையைத் தடவி, "இவன் ஒருத்தன்தான்லா ஒழுங்கா ஒளியிறான்," என்றார்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான் பிறகு இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் சொன்னார். அம்மா அன்று மாமாவுக்குச் சோறு போடவில்லை. "ஒரு எழுத்துதானேக்கா," என்று அவர் தட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

பஸ் கேட்டதற்கு வெகு நாள் கழித்துப் பதில் வந்தது. கணக்கெடுப்பின்படி, அவ்வளவு தூரம் பஸ் விடும் அளவுக்கு எங்கள் தோட்டத்தில் ஜனம் இல்லையாம். லயத்திலேயே அதிகமாகக் கோபப்பட்டவர் மாமாதான்.

"இத்தன பேரு இருக்கோம், எண்ணக்கூடத் தெரியல அவனுங்களுக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாப் பிள்ளைகளிலும் நன்றாக ஒளிந்தவன் நான்தான் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.