குடிக்காத பாலுக்குக் கையெழுத்து

எங்க ஃபேக்டரியில என் பொண்டாட்டிக்கு ஒரு பட்டப்பேரு உண்டு: முடியாதக்கா. யாரு எதைச் சொன்னாலும் முதல்ல அவ வாயில வர்றது அந்த ஒரு வார்த்தைதான். கல்யாணத்துக்குக் கேட்டப்ப என்கிட்டயும் அதைத்தான் சொன்னா, ஒரு தடவை இல்ல, மூணு தடவை. நாலாவது தடவை ஒண்ணும் பேசாம நின்னா. நான் அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கற தைரியம் இன்னைக்கு வரைக்கும் எனக்கு வரல.

அவ வெல்டர். நான் கேன்டீன். வீட்டுலயும் சமையல் நான்தான். சிரிக்கறவங்க தாராளமா சிரிக்கலாம், என் மாமியாரே சிரிச்சு ஓய்ஞ்சுட்டாங்க. மனசு நல்லா இருந்தா என்னை 'ஏங்க'ம்பா. கோவம் வந்தா 'யோவ்'. ஒரு நாளைக்கு எத்தனை யோவ்னு நான் எண்ணறதில்ல.

அவ முதல்ல அங்க வந்தது தரை பெருக்க. வெல்டருங்க முக்கால்வாசி எரிச்சுட்டுத் தூக்கிப் போடற கட்டை ராடையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவுல சேர்த்து வைப்பா. சாப்பாட்டு நேரத்துல மத்தவங்க கால் நீட்டிக் கிடக்கறப்ப, அந்தக் கட்டை ராடை வெச்சு பழைய இரும்புத் துண்டுல கோடு கோடா இழுத்துப் பழகுவா. நான் டீ கொண்டுபோனா, "தள்ளி நில்லுய்யா, கண்ணு போயிடும்"னு கத்துவா. எங்க காதல் அப்படித்தான் ஆரம்பிச்சது.

ரெண்டு வருஷம் கழிச்சு வெல்டர் டெஸ்ட் வெச்சாங்க. ரெண்டு தகடை ஒட்ட வெச்சு, ஒட்டின இடத்தை மிஷின்ல கொடுத்து லாடம் மாதிரி வளைப்பாங்க. விரிசல் விட்டா ஃபெயில். அன்னைக்கு நின்ன பதினோரு பேருல விரிசல் விடாம வளைஞ்சது மூணு தகடுதான். அதுல ஒண்ணு இவளோடது. "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்"னான் ஒருத்தன். "அப்படியா? இன்னொரு தகடு கொண்டா"ன்னு சொல்லி, திரும்பவும் வெச்சுக் காட்டிட்டுதான் நகர்ந்தா. அந்த ரெண்டாவது தகடு இப்போ எங்க வீட்டு வாசக்கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கு.

எங்க கம்பெனி செய்யறது சோலார் பேனலை நிறுத்தி வைக்கற ஸ்டாண்டு. வெளிநாட்டுக்குப் போகுது. கேட்டுல ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை இலை வரைஞ்சு 'பூமியைக் காப்போம்'னு எழுதியிருக்கும். அந்த இலையைத் தாண்டி உள்ள வந்தா பன்னெண்டு வெல்டருங்க இருமிக்கிட்டு இருப்பாங்க. ஸ்டாண்டுக்கு ஜி.ஐ. பைப்பு, அதாவது துருப்பிடிக்காம இருக்க மேல துத்தநாகம் பூசின பைப்பு. அந்தப் பூச்சு மேல நேரா நெருப்பை வெச்சா வெள்ளைப் புகை கிளம்பும், பஞ்சு மாதிரி பறக்கும். அதனால ஒட்டற இடத்துல முதல்ல கிரைண்டரை வெச்சுப் பூச்சைச் சுரண்டணும். மேல தொங்கற புகைக்குழாயை இழுத்துப் பக்கத்துல வெச்சுக்கணும், அது புகையை உறிஞ்சி வெளிய தள்ளிடும். அதுக்கப்புறம்தான் வெல்டிங்.

அப்போதான் கடிகாரக்காரர் வந்தாரு. அது நாங்க வெச்ச பேரு. வீண் வேலையைக் கண்டுபிடிச்சு ஒழிக்கறதுக்குன்னு மேனேஜர் வரவழைச்ச நிபுணர். ஒரு வாரம் ஸ்டாப்வாட்சும் கையுமா ஒவ்வொருத்தர் முதுகுக்குப் பின்னாடியும் நின்னு எழுதினாரு. நல்லதும் செஞ்சாரு, பொய் சொல்லக் கூடாது. ராடு எடுக்க ஸ்டோருக்கும் மேசைக்குமா நடந்துக்கிட்டு இருந்தவங்களுக்கு, மேசைக்கே ராடு வர மாதிரி பண்ணினாரு. ஆனா அந்த ஜோர்லயே, பூச்சு சுரண்டற நாலு நிமிஷத்தையும் குழாயை இழுக்கற நேரத்தையும் சிவப்பு மையில சுழிச்சு 'வீண்'னு எழுதிட்டாரு. இருந்ததே ரெண்டு குழாய். ஒண்ணோட மோட்டார் எரிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. இன்னொண்ணையும் மேல சுருட்டிக் கட்டிட்டாங்க. அதுக்குப் பதிலா பால் கொடுத்தாங்க.

ஆமா, பாலேதான். புகை குடிச்சவன் பால் குடிச்சா சரியாப் போயிடும்னு வெல்டருங்க நடுவுல ஒரு பழைய நம்பிக்கை. மேனேஜர் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. தினமும் காலையில பதினோரு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். கூடவே ஒரு ரிஜிஸ்டர், 'பாதுகாப்புப் பால் பெற்றுக்கொண்டேன்'னு தலைப்புப் போட்டு. பாலைக் காய்ச்சறது நான், தட்டைத் தூக்கிட்டுப் போறது நான், ரிஜிஸ்டரை நீட்டி கையெழுத்து வாங்கறதும் நான். பெருமையா கூட இருந்துச்சு, என்னத்தச் சொல்ல.

பால் ஆரம்பிச்ச வாரம் போய், அடுத்து வந்த திங்கக்கிழமை சாயந்திரம் அவளுக்குக் குளிர் காய்ச்சல். ரெண்டு போர்வை போத்தியும் பல்லு தந்தியடிக்குது. வாயில காசைப் போட்டுச் சப்பற மாதிரி ஒரு இனிப்புங்கறா. செவ்வாய்க்கிழமை காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து வேலைக்குப் போயிட்டா. அடுத்த திங்கக்கிழமை மறுபடியும் அதே கதை. மூணாவது திங்கக்கிழமை மாடிப்படியில பாதி ஏறினவ, மூச்சு வாங்கி அங்கயே உக்காந்துட்டா. கையைப் பிடிச்சு இறக்கி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன்.

"வாரம் முழுக்க உடம்பு புகைக்குப் பழகிக்குது, ஞாயித்துக்கிழமை நல்ல காத்துல அந்தப் பழக்கம் விட்டுப்போகுது. திங்கக்கிழமை அதே புகை புதுசா வந்து அடிக்குது"ன்னாங்க டாக்டரம்மா. "காய்ச்சல் தானா போயிடும். ஆனா இப்படியே உள்ள இழுத்துக்கிட்டு இருந்தா நுரையீரல் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"தினமும் பால் குடிக்கறாங்க டாக்டர்"னு நான் முந்திக்கிட்டுச் சொன்னேன்.

"பால் வயித்துக்குப் போகுது. புகை எங்க போகுது?"

இவ அந்த டாக்டரம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்தா.

மறுநாள் பதினோரு மணிக்குத் தட்டை நீட்டினேன். டம்ளரைத் தொடவே இல்ல. "முடியாது."

"சரி, குடிக்காட்டி போ. கையெழுத்தையாச்சும் போடு."

"குடிக்காத பாலுக்கு எதுக்குய்யா கையெழுத்து? உங்க மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு, எனக்குப் பால் வேணாம், காத்து வேணும்னு."

பக்கத்து மேசைக்காரன் சிரிச்சான். "அக்கா, உன் பாலையும் எனக்கே கொடுத்துடச் சொல்லு"ன்னு சொல்லிட்டு இருமினான்.

நாலு நாள் அவ கட்டம் காலியா கிடந்துச்சு. அஞ்சாவது நாள் மேனேஜர் என்னைக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டாரு. ஸ்டாண்டு வாங்கற வெளிநாட்டுக் கம்பெனியில இருந்து ஒரு அம்மா பாதுகாப்பைப் பார்த்துட்டுப் போக வர்றாங்களாம். அவங்ககிட்ட காட்டப் போறதே அந்த ரிஜிஸ்டரைத்தான். "உன் பொண்டாட்டிதானேப்பா, நீயே போட்டுடு. வீட்டுல போட மாட்டியா என்ன?"ன்னு சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "இல்லன்னா ரெண்டு பேரும் ஒண்ணாவே வேற இடம் பார்த்துக்குங்க"ன்னாரு.

வீட்டுல போடறவன்தான் நான். அவ அலுத்துப்போய் வருவா, எங்க பொண்ணோட ஸ்கூல் ரிப்போர்ட்ல அம்மா கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பிடுவேன். அவளுக்கும் அது தெரியும், ஒண்ணும் சொன்னதில்ல. கை அச்சு அசலா வரும். ஒண்ணே ஒண்ணுதான் வராது. கையெழுத்து முடிஞ்சதும் கடைசியில அவ ஒரு புள்ளி வைப்பா. பேனாவால குத்தி வைப்பா, பேப்பர் அந்தப் பக்கம் வரைக்கும் துளைச்சுடும். எனக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது, கையிலயும் சரி, வேற எதுலயும் சரி.

போட்டேன். காலியா கிடந்த நாலு கட்டத்தையும் சேர்த்து ஒன்பது நாளைக்குப் போட்டேன். ரெண்டு சம்பளமும் ஒரே நாள்ல நின்னா என்ன ஆகும்னு நினைச்சுக்கிட்டே போட்டேன். அவ பாலை மறுத்துக்கிட்டே இருந்தா, நான் சமையக்கட்டு மூலையில நின்னு அவ வாங்கிக்கிட்டதா எழுதிக்கிட்டே இருந்தேன். சீ, என்ன மனுஷன்யா நான்னு பத்தாவது நாள்தான் உறைச்சுது. அன்னைக்குத்தான் அந்தம்மாவும் வந்து இறங்கினாங்க.

அன்னைக்கு மட்டும் முதல் மேசைக்கு மேல குழாயை இறக்கி ஓட விட்டிருந்தாங்க. அந்தம்மா, மொழிபெயர்க்க ஒருத்தர், மேனேஜர், கடிகாரக்காரர் நாலு பேரும் வரிசையா வந்தாங்க. என் பொண்டாட்டியோடது கடைசி மேசை. அவங்க கிட்ட வந்ததும், "யோவ், ஒரு கறுப்பு டீ கொண்டா"ன்னா.

விருந்தாளிக்குன்னு நினைச்சு ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவ டம்ளரை வாங்கி, ஒட்ட வேண்டிய பைப்புக்குப் பக்கத்துல, தன் மூக்கு இருக்கற தூரத்துல, மேசை மேல வெச்சா. "எல்லாரும் கண்ணைத் திருப்பிக்குங்க." முகமூடியை இறக்கினா. பூச்சு சுரண்டாத பைப்புல, இப்போ அவங்க சொன்ன முறைப்படியே, ரெண்டு ஒட்டு வெச்சா. புகை வெள்ளையா பொங்கிச்சு. முகமூடியைத் தூக்கினப்ப டீ மேல வெள்ளை வெள்ளையா பஞ்சு மிதந்துக்கிட்டு இருந்துச்சு.

"பால்ல விழுந்தா தெரியாது. அதான் பாலா பார்த்துக் கொடுக்கறாங்க போல"ன்னா. டம்ளரை எடுத்து மேனேஜர் முன்னாடி நீட்டினா. "குடிங்க சார். நாங்க நாள் முழுக்கக் குடிக்கறோம்."

மொழிபெயர்க்கறவரு தயங்கினாரு. "ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க"ன்னு அவரையும் ஒரு அதட்டு. அப்புறம் கடிகாரக்காரர் பக்கம் திரும்பினா. ஒட்டின இடத்தைக் காட்டினா, அதுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை. "நாலு நிமிஷம் மிச்சம்னீங்க. இந்த ஓட்டையை ராவி எடுத்துத் திரும்ப ஒட்டறோமே, அப்போ உங்க கடிகாரம் தூங்குதா? எது சார் வீண் வேலை?"

வெல்டிங் சத்தம் ஒவ்வொரு மேசையா நின்னுது. கடிகாரக்காரர் குனிஞ்சு அந்த ஓட்டையையே பார்த்தாரு. மேனேஜர் மட்டும் அசரல. ரிஜிஸ்டரைப் பிரிச்சு அந்தம்மா கையில கொடுத்தாரு. "இது நாடகம் மேடம். நேத்து வரைக்கும் இவங்களே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க, பாருங்க."

அவ எட்டிப் பார்த்தா. தன் பேரு, தன் கையெழுத்து, ஒன்பது தடவை. என் பொண்டாட்டிக்குப் பேச்சு வராம நின்னதை நான் பார்த்தது வாழ்க்கையில அது ரெண்டாவது தடவை. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. யோவ்னுகூடச் சொல்லல. அவ 'யோவ்' சொல்லியிருந்தா தாங்கிக்கிட்டிருப்பேன்.

"அது நான் போட்டது"ன்னேன். முன்னாடி வந்து கத்திச் சொன்னேன்: "அது அவ கையெழுத்து இல்ல, நான் போட்டது! பக்கத்தைத் திருப்பி விரலை வெச்சுப் பாருங்க. அவ போட்டிருந்தா புள்ளி பின்னாடி துளைச்சிருக்கும். இந்த ஒன்பதுலயும் துளைக்காது."

அந்தம்மா பக்கத்தைத் திருப்பினாங்க. ஆரம்ப நாள் கையெழுத்துங்க மேல விரலை ஓட்டினாங்க, அப்புறம் கடைசி ஒன்பது மேல. யாரு போடச் சொன்னதுன்னு கேட்டாங்க. "மேனேஜர் சொன்னாரு. ஆனா கை என்னோடது"ன்னேன்.

குழாய் ரெண்டும் ஓடற வரைக்கும் சரக்கு அனுப்ப வேணாம்னு எழுதி வெச்சுட்டு அந்தம்மா போனாங்க. எனக்கு ரெண்டு வாரம் சஸ்பென்ஷன், பொய்க் கையெழுத்துக்கு. நியாயம்தான். மேனேஜர் இன்னும் அதே கண்ணாடி ரூம்லதான் இருக்காரு, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா குழாய் வந்துச்சு, சுரண்டற வேலையும் திரும்ப வந்துச்சு. பால் நின்னு போச்சு, அதோட என் தட்டும் போச்சு. திரும்பப் போனப்ப என்னைக் கிரைண்டர்ல போட்டாங்க. இப்போ மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு பைப்பு முனையைச் சுரண்டி அவ மேசைக்கு நான்தான் அனுப்பறேன். அஞ்சுல ரெண்டை 'முடியாது'ன்னு திருப்பி அனுப்பறா. புது ரிஜிஸ்டர் ஒண்ணும் வந்திருக்கு, 'புகைக்குழாய் வேலை செய்கிறது'ன்னு. அவ தினமும் காலையில குழாய் வாயில ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டுவா. அது உள்ள இழுத்துக்கிட்டாதான் கையெழுத்து. இப்போ மத்த பதினோரு பேரும் காகிதத்தோடதான் நிக்கறாங்க.

வீட்டுல மட்டும் என்கிட்ட பேச்சு இல்ல. வேலைக்கு வேண்டியது தவிர ஒரு வார்த்தை இல்ல. மூணு வாரம் அப்படியே போச்சு. போன வெள்ளிக்கிழமை பொண்ணு ஸ்கூல் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தா. பழக்கதோஷம், பேனாவைத் தேடி எடுத்துட்டேன். அப்புறம் மூடியைப் போட்டு, ரெண்டையும் மேசை மேல வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அவ வந்தா. கையைக் கழுவிட்டு, நின்னபடியே ரிப்போர்ட்டை முழுசா படிச்சா. கையெழுத்துப் போட்டு, கடைசியில நச்சுன்னு ஒரு குத்து. எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.

"ஏங்க"ன்னா.

கரண்டி கையில இருந்து விழுந்துடுச்சு.

"டீ போடுங்க. பால் ஊத்தியே போடுங்க, பால் மேல எனக்கென்ன கோவம்?"