சரிந்து நின்ற பால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டர் கழிந்த முதல் சனிக்கிழமை அது. டென்மார்க்கில், கோல்டிங் நகருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டு முற்றத்தில், ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் ஈரம் பார்க்கும் கருவியுமாக நின்றேன். முன்னால் ஒரு வெள்ளை ஓட்டோகாம்பர். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிற வீட்டு வாகனத்தை டெனிஷ்காரர் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பின்னால் பெரிய பையோடு என் மனைவி. பையில் மத்தியானச் சாப்பாடு என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் ஹோர்சன்ஸில் இருக்கிறோம். முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகு என்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பாக இருக்க முடியாது, நீட்டி நிமிர்ந்து படுக்க வேண்டும். என்னை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோன அன்றே, மனுசன் எழும்பி நடந்தால் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று இவள் மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். பக்கத்துக் கோயில் மாதாவுக்கு வைத்திருந்தால் பரவாயில்லை. இவள் வைத்தது ஜேர்மனியில், ஆவணி மாதத்தில், ஐரோப்பாத் தமிழர் எல்லாரும் கூடுகிற திருவிழா மாதாவுக்கு. நான் எழும்பி நடந்தேன். ஆனால் அவ்வளவு தூரம் காரில் இருக்க முடியவில்லை. இரண்டு திருவிழா போய்விட்டது. மற்றவர்கள் அங்கிருந்து படங்கள் அனுப்பும்போது இவள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதைப் பார்க்க எனக்கு முதுகை விட நெஞ்சு வலித்தது.

ஓட்டோகாம்பர் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தி முதுகை நீட்டலாம். ஸ்ரியறிங் பிடித்து ஓடப்போவது அவள்தான், நான் அல்ல. புதியது எங்களுக்கு எட்டாது. இது எட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒரு விபத்தில் அடிபட்டு, திருத்துகிற செலவுக்குக் கட்டாது என்று காப்புறுதிக்காரர் தள்ளிவிட்ட வாகனம் இது. பிறகு யாரோ வாங்கித் திருத்தி, மறுபடி பதிந்து, கைமாறிக் கைமாறி இந்த டெனிஷ் கிழவரிடம் வந்திருக்கிறது. அவர் அதை ஒளிக்கவில்லை, விளம்பரத்திலேயே போட்டிருந்தார்.

வாகனம் பார்ப்பதில் நான் ஒரு புலி என்பது என் எண்ணம். ஒரு மாதமாக வீடியோ பார்த்துத் தயாராகியிருந்தேன். சுவர் மூலைகளில் எல்லாம் கருவியை வைத்தேன், ஈரம் இல்லை. மெத்தைகளைத் தூக்கி மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். தண்ணீர்ப் பம்ப், ஹீற்றர், லைற் எல்லாம் போட்டேன். எஞ்சின் முதல் திருப்பலிலேயே பிடித்தது. கீழே குனிந்து பார்க்க மட்டும் முதுகு விடவில்லை. கிழவர் ஒரு கண்ணாடியைக் கீழே பிடித்துக் காட்டினார். புதுக் கறுப்புப் பெயின்ற் பளபளத்தது. எனக்குப் பூரண திருப்தி. வியாபாரம் முடிந்தது என்று கை கொடுக்கப் போனேன்.

"கொஞ்சம் பொறுங்கோ. பால் காய்ச்சிப் பாப்பம்" என்றாள் மனைவி. பைக்குள்ளிருந்து அகலமான ஒரு சட்டியும் பால் பெட்டியும் வெளியே வந்தன.

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் புதுவீடு புகுந்தால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் பால் காய்ச்சுவார்கள். அது வீடு கைக்கு வந்த பிறகு செய்கிற காரியம். வாங்குவதற்கு முன், அதுவும் ஒரு டெனிஷ்காரருடைய அடுப்பில்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சும்மா இரும், மனுசன் என்ன நினைப்பார்?"

"நானெல்லோ ஓடப்போறன். நான் காய்ச்சுவன்" என்று அவள் பாட்டுக்கு உள்ளே ஏறிவிட்டாள்.

கிழவருக்கோ ஒரே புதினம். அடுப்பு எரிவதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே காஸைத் திறந்துவிட்டார். பால் பொங்கியது. இடது பக்கத்தால் வழிந்தது. எங்கள் சனம் பால் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்கும். இவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பால் சரிஞ்செல்லோ நிக்குது."

எட்டிப் பார்த்தேன். வாகனத்தின் இடது பக்கமாகப் பால் விளிம்புக்குக் கிட்ட நின்றது. வலது பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. முற்றம் கொஞ்சம் பள்ளம் என்றார் கிழவர். அப்படியானால் வாகனத்தை அதே இடத்தில் மறுபக்கம் பார்க்கத் திருப்பி விடுங்கள் என்று இவள் டெனிஷில் கேட்டாள். அவர் திருப்பிவிட்டார். நிலத்தில் பிழை என்றால் பால் இப்போது வலது பக்கம் சரிய வேண்டும். அது பழையபடி இடது பக்கமே சரிந்து நின்றது. அடுப்பைக் கோணலாகப் பூட்டியிருப்பார்கள் என்று நான் ஒரு நியாயம் சொன்னேன். அவள் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கித் தரையில் வைத்தாள். அங்கேயும் இடது பக்கம்தான்.

கிழவர் கோபிக்கவில்லை. முகம் மட்டும் மாறிவிட்டது. பக்கத்து ஊரில் கராஜ் வைத்திருக்கும் சிநேகிதருக்குப் போன் செய்து, உடனே அங்கே கொண்டுபோனார். நாங்களும் பின்னால் போனோம். வாகனத்தை மேலே தூக்கி, கராஜ்காரர் அந்தப் புதுப் பெயின்றைச் சுரண்டினார். இடது பின்சில்லுக்கு மேலே, வாகனத்தின் அடிச்சட்டத்தைப் பழைய விபத்துக்குப் பிறகு வெல்டிங் வைத்து ஒட்டிய இடம் வெடித்து, சட்டமே அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. சாமான் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால் சில்லு பிய்த்துக்கொண்டு போகும் என்றார். வாங்கியிருந்தால் ஸ்ரியறிங்கில் இருந்திருப்பவள் இவள்.

கிழவர் அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டார். போன கோடையில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வாகனத்தில் இத்தாலி வரை போய் வந்தவராம். பிறகு எழும்பி வந்து, என் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர்களை டெனிஷ்காரர் அப்படித் தொடுவதை நான் கண்டதில்லை. அந்த நேரம் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஊரெல்லாம் கூட்டி, இவள் என்னுடைய மனுசி என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "உமக்கு முதலே சந்தேகமோ?"

"ஓம். உள்ளுக்கை நடக்கேக்கையே கால் ஒரு பக்கம் இழுத்தது. நான் சொன்னா, நிலம் பள்ளம் எண்டு நீங்கள் என்னை மடக்கிப்போடுவியள். பாலை மடக்கேலாதெல்லோ" என்றாள், றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் வேறொன்று கிடைத்தது. சின்னது, பழையது, ஆனால் விபத்துக் காணாதது. ஆவணியில் அவள் ஓடினாள், நான் வழிநெடுக இறங்கி ஏறிப் படுத்து எழும்பிப் போய்ச் சேர்ந்தேன். மாதாவுக்கு முன்னால் அவள் மெழுகுதிரி கொளுத்தினாள். முழந்தாளிட என் முதுகு விடவில்லை. நின்றபடியே, இவளை எனக்குத் தந்ததற்கு நன்றி சொன்னேன்.

இப்போது பழைய வாகனம் வாங்கப் போகிற எங்கள் ஆட்கள் ஆலோசனை கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளுடைய நம்பரைக் கொடுக்கிறேன். என்னுடைய கெட்டித்தனத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கதைத்த எனக்கு, அவளுடைய கெட்டித்தனத்தைச் சொல்லும்போது வருகிற சந்தோசம் அதில் ஒருநாளும் வந்ததில்லை.