தட்டிவிட்டுப் போகிறவர்

"ரூத் அன்ரி மோசம் போயிட்டாவாம், மாஸ்டர். நேற்றே தாட்டுப்போட்டினமாம்" என்று மோர்னிங்சைட் பகுதியில் டாக்சி ஓட்டும் குகன் தொலைபேசியில் சொன்னான். ரூத் யூதர்; அவர்கள் உடலை அடக்கம் செய்யாமல் அதிகம் காக்கவைப்பதில்லை. எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருடைய ஆலயத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அதையும் நான் மறக்கப்போவதில்லை.

இதை வாசிக்கும் நம்மவர்களே, உங்களில் பலர் அகதிப் படிவம் நிரப்ப அவருடைய சமையலறையில் காத்திருந்தவர்கள். கட்டைக் குரல், எவரையும் புகழாத வாய். நான் போன காரியம் வேறு. கொழும்பில் ஓர் அறையில் அடைந்துகிடந்த என் மனைவியையும் மகளையும் இங்கே அழைக்க, அவருடைய ஆலயத்தின் சமூகநீதிக் குழு பொறுப்பேற்றிருந்தது; அதன் எழுத்துவேலை ரூத்தினுடையது. குழுத் தலைவரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அது விழும்வரை நான் எதையும் மறுக்க முடியாதவன்.

மாதம் ஒருமுறை அவர்களுடைய விருந்தில் பேசச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் பௌதிகம் படிப்பித்தவன், இரவல் கோட்டுடன் நின்று, தம்பி ஷெல் விழுந்து செத்ததைச் சொல்வேன். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். பிறகு கேக் வரும். "அடுத்த முறை ஷெல் விழுந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்" என்பார் தலைவர். விரிவாகச் சொன்னேன்.

பாஸ்கா பண்டிகைக்கு முன், வறிய யூத முதியவர்களுக்கு உணவுப்பெட்டி கொண்டுபோகும் வேலையில் ரூத் என்னைச் சேர்த்தார். "வாங்குகிறவரும் கொடுக்க வேண்டும். எங்கள் சட்டம் அது" என்றார். சம்பளமில்லாமல் வேலையும் வாங்குகிறார்கள் என்று மனதுக்குள் திட்டியபடி குகனின் டாக்சியில் போனேன்.

பெட்டியை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, திறக்குமுன் போய்விட வேண்டும். கொடுத்தவரின் முகத்தை வாங்குகிறவர் பார்க்கக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம்.

"நாய்க்கு வைக்கிற மாதிரி வாசலில வைக்கிறதே?" என்று குகனிடம் சொல்லிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றேன். கதவைத் திறந்த கிழவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. "வீடு மாறி வந்துவிட்டீர்கள்" என்று சாத்திவிட்டார். வீடு சரியான வீடுதான்.

"மாஸ்டருக்கு நல்லா வேணும். இனியாவது வச்சிட்டு வாங்கோ" என்றான் குகன்.

கிழவர் பெட்டி வேண்டாமென்று ஆலயத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார். ரூத் என்னைக் கூப்பிட்டார்.

"நன்றி வாங்கவா நின்றீர்கள்?"

"என்னிடம் மாதாமாதம் வாங்குகிறீர்களே" என்றேன்.

 மனைவியின் படிவம் அவர் முன்னிருந்த மேசையில்தான் கிடந்தது.

 அவர் விருந்தில் பேசுவோர் பட்டியலை எடுத்து என் பெயரை வெட்டினார். "இனிக் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள்."

"கையெழுத்து?"

"அதை வாங்குவது என் வேலை."

வாங்கினார். ஆனால் நான் பேச மறுத்ததற்காகத் தலைவர் அதற்கு முன் நான்கு மாதம் இழுத்தடித்தார். அந்த நான்கு மாதமும் என் மனைவியும் மகளும் அதே அறையில் கிடந்தார்கள். நான் தலைவரைச் சபிக்கவில்லை. முடியாது என்று என்னைச் சொல்லவைத்த ரூத்தைத்தான் சபித்தேன்.

விமான நிலையத்துக்குக் குழு முழுவதும் பூங்கொத்தும் கமராவுமாக வந்தது.

"உவையள் ஆரப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"சிரியும். பிறகு சொல்லுறன்."

ரூத் மட்டும் வரவில்லை. அன்று அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். ஏன் வரவில்லை என்பது பிறகு, அந்த வாசல் பெட்டிகளை நினைத்தபோது, புரிந்தது. புரிந்ததை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு உதவிய அத்தனை பேரிலும், நான் சிரித்துக்காட்டத் தேவையில்லாத ஒரே ஆள் அவர். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.