அரை லிட்டர் மாமா

மாமாவ நெனச்சா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது ஒரு ஐஸ் கட்டி. சாயங்காலம் கொல்லைல ஹோஸப் புடிச்சிட்டு நிப்பாரு. ஒரு பக்கக் கன்னம் மட்டும் உப்பியிருக்கும், உள்ள அத்தை குடுத்த ஒரே ஒரு ஐஸ் கட்டி. வாழைப் பாத்தில தண்ணி கொடகொடன்னு கொட்டிட்டே இருக்கும். இவரு அந்த ஐஸக் கடிக்க மாட்டாரு. இந்தக் கன்னத்துலேர்ந்து அந்தக் கன்னத்துக்கு மாத்தி மாத்தி வச்சு, எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு நேரம் இழுப்பாரு. பாத்தி ரொம்பி வழியறதுக்கும் இவரு வாய்ல அது கரைஞ்சு முடியறதுக்கும் ஏறக்குறைய சரியா இருக்கும்.

மாமான்னா அம்மாவோட கூடப் பொறந்த தம்பி. மாயவரத்துக்குப் பக்கத்துல எங்க ஊர்லயே ரெண்டு தெரு தள்ளி, கொல்லை வாய்க்கால்ல போயி முடியற வீடு. கல்யாணம் ஆன கையோட கல்ஃபுக்குப் போயி, மொட்டை மாடி மொட்டை மாடியா ஏறி ஏசி மாட்டுற வேலை பாத்தவரு. அந்த வெயில்ல தண்ணி குடிக்க நேரமில்ல. மூட்டு வலிக்கு மாத்திரைய மிட்டாய் மாதிரி முழுங்கியிருக்காரு. திரும்பி வந்தப்போ பெட்டி நெறைய சென்ட்டு, சாக்லேட்டு. ரெண்டு கிட்னியும் காலி. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். நாளுக்கு அரை லிட்டர் தண்ணி, மேல போனா நெஞ்சுல தேங்கி மூச்சு முட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு. டீ, ரசம், மோர், மாத்திரை போடக் குடிக்கிற மடக்கு எல்லாமே அந்த அரை லிட்டருக்குள்ள அடக்கம். யாரு வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் பேச்சுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி நீட்டுற ஊருங்க இது. இந்த ஊர்ல ஒரு மனுசன் உயிரோட இருக்கணும்னா தாகத்தோட இருக்கணும்னு ஆயிப்போச்சு.

இதுல காமெடி என்னன்னா, அவரு போட்ட தோட்டம். சும்மா கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்னு கொல்லையக் கொத்த ஆரம்பிச்சாரு. வாழை, தென்னை, முருங்கை, கீரைப் பாத்தி, தக்காளி, வேலியோரமா ஒரு நார்த்தை. எல்லாத்துலயும் பொட்டாசியம். எல்லாமே அவரு வாய்ல வைக்கக் கூடாதது. நான் அப்போ காலேஜ் செகண்ட் இயர், வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, டயட் சார்ட்டப் பாத்துதான் கன்னு வாங்குனீங்களா? கரெக்டா வேணாம்னு போட்டதா பொறுக்கி நட்டிருக்கீங்க."

"வேலை கெடைக்காதுன்னு தெரிஞ்சே நீ படிக்கலியா மருமவளே. அந்த மாதிரிதான்."

"அரை லிட்டர் மாமா, ரொம்பப் பேசாதீங்க. வாய் காஞ்சிரும்."

அடுப்படிலேர்ந்து அத்தை குரல் குடுப்பாங்க. "ரெண்டு பேரும் வாய மூடுங்க. பேசினா தாகம் எடுக்கும்னு ஒருத்தருக்கும் அறிவு கெடையாது."

வெளைஞ்சதெல்லாம் தெருவுக்குப் போகும். வாழைத்தார் ஒரு வீடு, கீரை ஒரு வீடு, இளநி வெட்டுனா வெட்டுனவருக்கே பாதி. அது கூட பரவால்ல, இன்னொரு பழக்கம் இருந்துச்சு. தண்ணி விட்டு முடிச்சதும் ஹோஸ சுருட்டி மாட்டிட்டு, ஒவ்வொரு மரத்தையா ஒரு தட்டு தட்டி, "நல்லதுப்பா, சந்தோசம்"னு சொல்லிட்டு வருவாரு. எங்க பக்கம் கல்யாணத்துல பந்தி முடிஞ்சு எந்திரிச்சு வர்றவங்களப் பாத்து பொண்ணு வீட்டுக்காரங்க கையெடுத்து சொல்லுவாங்கல்ல, அதே டோன். நான் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன்.

"மரத்துக்கு எதுக்கு மாமா தேங்க்ஸு? தண்ணி விட்டது நீங்க. அதுதான் உங்களுக்கு சொல்லணும்."

"பந்தி போட்டவன்தான்டி நன்றி சொல்லணும். எலையப் போட்டு வச்சு ஒருத்தரும் உக்காரலன்னா அவன் கதி என்ன? என் பங்குத் தண்ணிய இதுங்க குடிக்குது. நான் சொல்லாம யாரு சொல்றது."

அப்போ அது எனக்கு மொக்கையாதான் பட்டுச்சு. இப்போ சென்னைல ஒரு கண்ணாடி பில்டிங்ல உக்காந்திருக்கேன். தண்ணி குடி, தண்ணி குடின்னு போன்ல ஒரு ஆப்பு மணிக்கொரு தடவ கத்துது, நான் அதத் தள்ளிவிட்டுட்டு வேலையப் பாக்குறேன். தோட்டத்துல போயி நின்னா நிம்மதி கெடைக்கும்னு ரீல்ஸ்ல எவனாச்சும் சொன்னா செம கடுப்பாவுது. மாமாவுக்கு அப்படி ஈசியா ஒண்ணும் கெடைக்கல. அந்தத் தண்ணிச் சத்தம் அவர எவ்வளவு படுத்தும்னு பக்கத்துல நின்னு பாத்தவ நான். தொண்டக் குழி ஏறி எறங்கும். ஒதடு வெடிச்சு வெள்ளையா தோல் உரியும். இருந்தும் ஹோஸ யாருகிட்டயும் குடுக்க மாட்டாரு. அந்த அரை மணி நேரம் மட்டும் அவரு மூஞ்சி வேற மாதிரி இருக்கும். கோயில்ல எங்க அம்மா கண்ண மூடிட்டு நிக்கறப்போ கூட அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததில்ல.

டயாலிசிஸ் அன்னிக்கு மாயவரத்துக்கு ஸ்கூட்டில கூட்டிட்டுப் போறது பெரும்பாலும் நான்தான். ஊசி குத்தறதுக்காக இடது கையில ரத்தக் குழாய ஆப்பரேஷன் பண்ணி சேத்திருப்பாங்க. அது மேல வெரல் வச்சா உள்ள தண்ணி மோட்டார் ஓடுற மாதிரி கிர்ருன்னு அதிரும். "தொட்டுப் பாரு, நம்ம போர் செட்டு"ம்பாரு. திரும்பி வர்றப்போ முதுகுல சாஞ்சுக்குவாரு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நடவு வயல்ல தண்ணி நிக்கும். அவரு கண்ணு அதுலயேதான் இருக்கும்னு திரும்பிப் பாக்காமலே எனக்குத் தெரியும்.

சொந்தக்காரங்க தொல்லை தனி. கிட்னின்னு காதுல விழுந்தா போதும், ஆளாளுக்கு டாக்டர் ஆயிருவாங்க. சீர்காழிலேர்ந்து வர்ற பெரியம்மா ஒருத்தங்க, "வாழத்தண்டு சாறு குடி தம்பி, கல்லு மண்ணு எல்லாம் அடிச்சிட்டுப் போயிரும்"னு வந்தப்பல்லாம் ஓதுவாங்க. கல்லுக்கு குடிக்கிறத காலியான கிட்னிக்குக் குடுத்தா வெஷம்னு அத்தை எத்தன தடவ சொன்னாலும் யாரு மண்டையிலயும் ஏறாது. கடைசில அந்தத் தப்பப் பண்ணது எங்க அம்மா. ஒரு நாள் அத்தை ரேஷன் கடைக்குப் போன நேரம். தார் வெட்டின வாழை ஒண்ணு கொல்லைல சாஞ்சு கெடந்துச்சு. தம்பி தன் கையால வளத்த மரமாச்சே, அது அவனுக்கு கெடுதல் பண்ணுமான்னு அம்மாவுக்கு ஒரு கணக்கு. தண்ட உரிச்சு, இடிச்சு, புழிஞ்சு, பெரிய டம்ளர் நெறையக் கொண்டாந்து குடுத்துருக்காங்க. மாமாவுக்குத் தெரியும், கூடாதுன்னு நல்லாவே தெரியும். அக்கா குடுத்தாங்க, டம்ளர் நெறைய இருந்துச்சு. ஒரே மூச்சுல குடிச்சிட்டாரு.

அத்தை வந்தப்போ கை கால் வெலவெலத்து கட்டில்ல கெடக்காரு. பக்கத்து வீட்டுக் கார்ல தூக்கிப் போட்டு ஓடுனோம். பொட்டாசியம் ஏறி இதயம் தப்புத் தப்பா அடிக்குதுன்னு, மெஷின்ல போட்டுதான் ஆளக் கொண்டாந்தாங்க. அத்தை அம்மாவ ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராண்டால அம்மா செவத்தப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்க. முழிப்பு வந்ததும் மாமா மொதல்ல கேட்டது அம்மாவத்தான்.

"அக்கா."

"சொல்லுடா."

"உப்பு கொஞ்சம் தூக்கல். மத்தபடி நல்லாருந்துச்சு."

அம்மா சிரிக்கல. அன்னிலேர்ந்து அவங்க அந்தக் கொல்லைப் பக்கம் போகவே இல்ல. மாமா வீட்டுக்குப் போனாலும் வாசலோட பேசிட்டுத் திரும்பிருவாங்க. தம்பிக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்கக் கூட கை வராது. "சாப்பாட்டுல வெஷம் வச்சவ நான்"னு எங்கிட்ட மட்டும் ஒரு தடவ சொன்னாங்க.

அந்த வருசம் ஆத்துல தண்ணி லேட்டு. ஆனி பூரா வாய்க்கால் வெடிச்சுக் கெடந்து, ஆடி பொறந்துதான் எங்க ஊருக்கு வந்துச்சு. முன்னாடி நுரையும் சருகும் செத்த கோரையும் தள்ளிட்டு, செவசெவன்னு புதுத்தண்ணி. அது வர்றப்போ பூவும் நெல்லும் தூவி கும்புடறது எங்க ஊர்ல வழக்கம், தெருவே கரைல நிக்கும். மாமாவும் வந்தாரு. அத்தை அவரு சட்டைய பின்னாடி புடிச்சிட்டு நின்னாங்க, சின்னப் புள்ளையப் புடிக்கிற மாதிரி. எல்லாருக்கும் ஒரே பயம், குனிஞ்சு ஒரு கை அள்ளி வாய்ல போட்டுக்குவாரோன்னு. அம்மா தூரத்துல வேப்ப மரத்தடில நின்னு பாத்துட்டு இருந்தாங்க.

"விடுடி, குடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"ஒம் மேல சத்தியம் பண்ணினா நீ செத்துருவியேன்னு பயமாருக்கு. வேணும்னா அந்த ஸ்கூட்டி மேல பண்றேன்."

அத்தை கைய எடுத்தாங்க. மாமா வேட்டியோட எறங்குனாரு. மொழங்கால், இடுப்பு, அப்புறம் அப்படியே உக்காந்தாரு, கழுத்து வரைக்கும். முந்தின நாள்தான் ஊசி குத்துன கை, நனையக் கூடாது. அத மட்டும் மேல தூக்கி வச்சிருந்தாரு, கிளாஸ்ல டவுட்டு கேக்கற பையன் மாதிரி. கரைல நின்ன பொடிசுங்க சிரிச்சுதுங்க, நானும் சிரிச்சேன். அவரு வாய இறுக்கி மூடிட்டு, கண்ணையும் மூடிட்டு உக்காந்திருந்தாரு. தாடைல மோதி தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. ஒரு பூ அவரு தோள்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போச்சு. மேல ஏறி வந்தப்போ பல்லு தந்தியடிக்குது. ஒடம்பு பூரா குடிச்சிருச்சுன்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் வாய்க்காலப் பாத்துத் திரும்பி, அதே பந்தி டோன்ல, "நல்லதுப்பா, சந்தோசம்."

அவ்வளவுதான் அவருக்குக் கெடச்சது. நல்லா ஆயிருவாருன்னு நான் நம்பிட்டு இருந்தேன். இதயம் ஏற்கெனவே அடி வாங்கியிருந்துச்சு, பொங்கல் வரைக்கும் இழுத்துது. கரும்பு வெட்டி வாசல்ல சாத்தி வச்சதெல்லாம் அவருதான். தை பாதில, ஆத்துல தண்ணிய நிறுத்தற சமயத்துல, ஒரு காலைல ஹோஸ எடுக்கப் போன மனுசன் கீரைப் பாத்தி ஓரமா உக்காந்தாரு, அப்புறம் எந்திரிக்கல. அந்த வாழைத்தண்டுதான் இதயத்தத் தின்னுருச்சுன்னு அம்மா முடிவே பண்ணிட்டாங்க. இல்லைன்னு அடிச்சு சொல்ல டாக்டராலயே முடியல, நான் என்னத்த சொல்றது.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எறந்தவங்க தலை வச்ச எடத்துல கருமாதி வரைக்கும் ஒரு வெளக்கும், ஒரு சொம்பு நெறையத் தண்ணியும் வைப்பாங்க. காலைல தண்ணி கொறைஞ்சிருந்தா ஆளு வந்து குடிச்சிட்டுப் போனதா அர்த்தம். கூடப் பொறந்தவ வைக்கட்டும்னு பெரியவங்க சொல்லவும், அம்மா விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சாங்க. மறுநாள் விடிஞ்சதும் எல்லாரும் எட்டிப் பாத்தோம். ஒரு சொட்டு கொறையல. பனிக் காலம், வாய் குறுகுன சொம்பு, தண்ணி ஆவியாகாதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சீர்காழி பெரியம்மா முந்திக்கிட்டு, "ஆத்மாவுக்கு ஏதோ கொறையிருக்கு"ன்னுட்டாங்க.

அம்மா அப்படியே செவத்தோட சரிஞ்சு உக்காந்தாங்க. "எங் கையால குடிக்க மாட்டான். எப்படிக் குடிப்பான். கோவம் தீரல அவனுக்கு."

அத்தை மூலைல பாய்ல படுத்திருந்தவங்க மெதுவா எந்திரிச்சு வந்தாங்க. சொம்ப குனிஞ்சு பாத்தாங்க. அழுது அழுது தொண்ட கட்டிப் போயிருந்துச்சு.

"கோவமெல்லாம் இல்ல அண்ணி. நான் இங்கயே படுத்துருக்கேன்ல. பாத்தா திட்டுவேன்னு பயந்துட்டு போயிருப்பாரு."

யாரோ ஒருத்தர் சிரிச்சுட்டு வாயப் பொத்திக்கிட்டாங்க. அத்தை சொம்பத் தூக்கி அம்மா கையில குடுத்து, "வாங்க, அவரு எங்க குடிப்பாருன்னு எனக்குத் தெரியும்"னு சொல்லி கொல்லைக் கதவத் தொறந்தாங்க. தண்ணி காட்டாம வாழையடி காஞ்சு கெடந்துச்சு. அந்த வாசப்படிய எத்தனையோ மாசமா தாண்டாத அம்மா, அன்னிக்கு எறங்கிப் போயி, குத்த வச்சு உக்காந்து, சிந்தாம சிதறாம கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனாங்க. சொம்பு காலியாச்சு. ஈரம் வட்டமா பரவுச்சு, குமிழி விட்டுச்சு, மண்ணுக்குள்ள எறங்குச்சு. கடைசிப் பளபளப்பும் மறையற வரைக்கும் அம்மா கண்ண எடுக்கல.

"குடிச்சிட்டான்"னாங்க.