மெர்வின் திறந்துவிட்ட தொட்டி

ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் மெர்வின் வீட்டு வேலி பாதிதான் பெயிண்ட் அடித்திருக்கும். கொல்லையில் அடிப்பலகை இல்லாத படகு. குளியலறையில் இரண்டு சுவருக்கு மட்டும் ஓடு. ரயில் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் ஒழுங்காக உழைத்த மனுஷன், வீட்டில் எதையும் முடித்ததில்லை. கேட்டால் மரம் சரியில்லை, ஓடு சரியில்லை, விற்றவன் சரியில்லை என்பான். அவன் மட்டும் எப்போதும் சரி.

செப்டம்பர் முதல் தேதி அவன் மனைவி நோலீன் தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். அங்கே தனக்கென்று ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தாள்.

"மாசக் கடைசில சாமான எடுக்க வருவேன்," என்று வாசலில் நின்று சொன்னாள். "அதுக்குள்ள முழுசா முடிச்ச ஒரே ஒரு பொருளக் காட்டு மெர்வ், இருந்துடறேன்."

மறுநாள் என் ஷெட்டுக்கு வந்தான். நான் பக்கத்து வீடு. இருபது வருடமாக பீரைக் கடையில் வாங்காமல் நானே போடுகிறவன்.

"யோவ் ராஸ், என்னால முடிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுய்யா." கண் சிவந்திருந்தது.

"பீர் போடு. வேலையெல்லாம் ஈஸ்ட் பாத்துக்கும். நீ சும்மா இருந்தாப் போதும்."

"வீட்ல அதத்தான் முப்பது வருஷமா செய்யறேன்னு நோலீன் சொல்லுவா."

டின்னிலிருந்த மால்ட் பாகையும் சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்தான். தொட்டியில் ஊற்றித் தண்ணீர் நிரப்பி, ஈஸ்டைத் தூவினான். மூடியை அழுத்தி மூடியது நான். மூடிமேல் ஒரு வளைந்த குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர்.

"இதுல குமிழி விட்டா உள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம். பத்து நாள் மூடியத் திறக்காத. அப்புறம் பாட்டில்ல ரெண்டு வாரம். நோலீன் வர்றதுக்குள்ள ஆயிடும்."

சொல்லிவிட்டு நான் மீன்பிடிக்கப் போய்விட்டேன். ஒன்பது நாள் கழித்துத் திரும்பினால் அவன் கொல்லைப் புல்லெல்லாம் பீர் வாடை. மெர்வின் காலித் தொட்டிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"செத்துப்போச்சுய்யா. ஒரு குமிழி வரல. எட்டு நாள் இதே எடத்துல உக்காந்திருந்தேன். டீ, சாப்பாடு எல்லாம் இங்கதான். சூடாகக் கூடாதுன்னு ஈரத்துண்டு மாத்தி மாத்திச் சுத்தினேன். நீ சொன்னியேன்னு மூடியத் தொடவே இல்ல. நேத்துத் தாங்கல. கீழ்க்குழாயத் தொறந்து விட்டுட்டேன்."

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையா என்று திட்ட வாயெடுத்தபடி மூடியைத் தூக்கினேன். உள்சுவரைச் சுற்றி நுரை ஏறி இறங்கிய பழுப்பு வளையம். மூடியின் ரப்பர் ஓர் இடத்தில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. காற்று முழுக்க அந்த இடுக்கு வழியாகவே போயிருக்கிறது. மூடிமேல் இருந்த குழாயில் எப்படிக் குமிழி வரும்? அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். நல்ல பீர். என் முதல் பீரைவிட நல்ல பீர். டம்ளரை அவனிடம் நீட்டினேன்.

அவனும் வாங்கி ஒரு வாய் குடித்தான். முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டான். மறுபடி போட்டாலும் மாதக் கடைசிக்குள் ஆகாது. அது அவனுக்கும் தெரியும்.

முப்பதாம் தேதி நோலீன் அக்கா புருஷனின் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"பீர் போடறேன்னு போன்ல சொன்னியே. எங்க?"

நான் முந்திக்கொண்டேன். "நோலீன், தப்பு என்னுது. மூடிய நான்தான் கோணலா—"

"நீ சும்மா இருய்யா," என்றான் மெர்வின். "பீர் நல்லாத்தான் இருந்துச்சு நோலீன். எனக்குத்தான் பொறுக்கல. நான்தான் ஊத்தினேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"இந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான் முப்பது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன் மெர்வ்," என்றாள். "இனிமே தெம்பில்ல."

தையல் மெஷினை அவனே தூக்கி வண்டியில் வைத்தான். கட்டில், பெட்டி, நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றினான். நான் கைகொடுக்கப் போனேன், விடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, கடைசி முடிச்சு வரைக்கும் கயிற்றை அவனே கட்டி முடித்தான்.